மாவுக்கடைக்காரராக நடிக்கும் ஏஐ

தொழில்முனைவு வகுப்பில் மாணவர்கள் திணறுவது கணக்கில் அல்ல. முன்பின் தெரியாதவரிடம் போய்ப் பேசுவதில்தான். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொழில்முனைவர் ஸ்டீவ் பிளாங்க் 2011இல் தொடங்கிய லீன் லான்ச்பேட் வகுப்புக்கு அடிப்படையே அது. அறைக்குள் உட்கார்ந்து திட்டம் எழுதாதே, வெளியே போய் வாடிக்கையாளரைக் கேள். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஐ-கார்ப்ஸ் பயிற்சியில் (ஆய்வைத் தொழிலாக்கக் கற்றுத்தருவது) ஒரு குழு ஏழு வாரத்தில் 100 பேரிடம் பேச வேண்டும்.

கேட்கத் தெரியாததால் முதல் சில பேட்டிகள் வீணாகப் போகும். சரி, அந்தச் சொதப்பலை ஏஐயிடமே சொதப்பிவிட்டால்?

ஆசிரியர் ஏஐக்கு முன்கூட்டியே ஒரு குறிப்பு கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: 'நீ தினம் 30 கிலோ இட்லி மாவு விற்பவர். மீந்த மாவு புளிப்பதுதான் உன் கவலை. கேட்டாலொழிய சொல்லாதே.' இந்த ஏஐக்குள் இருப்பது மொழி மாதிரி (language model) என்னும் நிரல். அது செய்வதெல்லாம், இதுவரை உள்ள எழுத்துக்கு அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிப்பதுதான். குறிப்பு முன்னால் நிற்பதால், மாவுக்கடைக்காரர் பேசக்கூடிய சொற்களுக்கே வாய்ப்பு கூடுகிறது. இனி மாணவர் கேட்க, ஏஐ பதில் சொல்கிறது:

"நாளைக்கு எவ்வளவு மாவு விற்கும் என்று சொல்லும் செயலி வந்தால் வாங்குவீர்களா?"

"அருமையான யோசனை! கண்டிப்பாக."

"நேற்று எவ்வளவு மீந்தது? என்ன செய்தீர்கள்?"

"நாலு கிலோ. பக்கத்து மெஸ்ஸுக்குப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன்."

முதல் பதிலால் பயனில்லை. இரண்டாவதில்தான் விஷயம் இருக்கிறது: செயலிக்குப் போட்டி இன்னொரு செயலி இல்லை, அந்த மெஸ். கேள்வியை மாற்றினால் பதில் எப்படி மாறுகிறது என்பதே இங்கே பாடம்.

முதல் கேள்விக்கு ஏஐ ஏன் அப்படித் தலையாட்டியது? இந்த மொழி மாதிரிகளைப் பழக்கும்போது மனிதர்கள் பதில்களுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். மனம் குளிரவைக்கும் பதிலுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே விழுகிறது, ஏஐயும் அதையே கற்றுக்கொள்கிறது. 'எளிதில் ஒத்துக்கொள்ளாதே' என்று குறிப்பில் சேர்த்தால் ஓரளவு குறையும். (முகத்துக்காக 'நல்லா இருக்கே' என்பது மனிதருக்கும் உள்ள வழக்கம்தான்.)

ஆனால் அந்த நாலு கிலோ எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் இல்லை. நேற்று எந்த மாவும் மீந்திருக்கவில்லை. அதை அறிக்கையில் ஆதாரமாக எழுதினால் மாணவர் மாட்டிக்கொள்வார். அமெரிக்காவின் வார்ட்டன் வணிகப் பள்ளியில் பேராசிரியர் ஈதன் மோலிக் 2023இல் தன் வகுப்புகளில் ஏஐயை அனுமதித்தபோதே, அது செய்யும் பிழைக்கு மாணவரே பொறுப்பு என்று விதி வைத்தார்.

இன்னொன்று, ஏஐக்கு அவசரமே கிடையாது. நிஜக் கடையில் கிரைண்டர் ஓடும், நாலு பேர் பாத்திரத்தோடு நிற்பார்கள். இரண்டாம் கேள்விக்குள், "அப்புறமா வாங்க தம்பி."