"பெண் பிள்ளைகள் அப்படித்தான்" என்று சொல்லாதீர்கள்

அமெரிக்கப் பள்ளியொன்றில் உளவள ஆலோசகராக இருக்கும் என்னிடம், தோழிகள் ஒதுக்கியதால் பள்ளிக்கு வரவே மறுக்கும் மகளை அழைத்துவந்த இன்னொரு பெற்றோரும், "'மீன் கேர்ள்ஸ்' (Mean Girls) படத்தில் வருவதுதானே, தானாகச் சரியாகிவிடும்" என்று சிரித்ததால் இதை எழுதுகிறேன்.

பள்ளி மாணவிகளின் கூட்டமொன்றைப் பற்றி 2004இல் வெளிவந்த அந்த ஆங்கிலப் படம் எனக்கும் பிடிக்கும். ஆனால், ரோசலிண்ட் வைஸ்மன் 2002இல் பெற்றோருக்காக எழுதிய வழிகாட்டி நூலை அடிப்படையாகக் கொண்டே டினா ஃபே அதன் திரைக்கதையை எழுதினார் என்பது நகைச்சுவையில் மறந்துபோகிறது.

என்னை மிகவும் சலிப்படையச் செய்வது, எல்லாவற்றுக்கும் ஒரு கெட்ட பெண்தான் காரணம், அவளை விலக்கினால் போதும் என்ற நம்பிக்கை. படமே அதை மறுக்கிறது. கூட்டத்தின் தலைவி ரெஜினாவைப் பழிவாங்க, அவளுடைய தோழியாகவே நடிக்கும் புதிய மாணவி கேடி சில மாதங்களில் ரெஜினாவாகவே மாறுகிறாள். அதே கூட்டத்தைச் சேர்ந்த கிரெட்சனோ, தன் இடம் பறிபோகுமோ என்ற அச்சத்திலேயே தலைவிக்குப் பணிந்து, மூவர் இணைந்த தொலைபேசி அழைப்பில் மூச்சுக்காட்டாமல் ஒட்டுக்கேட்கிறாள். (இன்று அந்த வேலையை ஸ்கிரீன்ஷாட் செய்கிறது.) இப்படித் தோழிகளை ஒதுக்குவது உயர்நிலைப் பள்ளியில்தான் தொடங்குகிறது என்பதும் தவறு. உளவியல் ஆய்வாளர்கள் நிக்கி கிரிக், ஜெனிஃபர் குரோட்பீட்டர் இருவரும் 1995இல் வெளியிட்ட ஆய்வு, 3 முதல் 6ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளிடமே இதைக் கண்டது. நட்பை ஆயுதமாக்கிப் பிறரைக் காயப்படுத்திய பிள்ளைகளும் மற்றவர்களைவிடக் கூடுதலான தனிமையையும் மனச்சோர்வையும் தெரிவித்திருந்தார்கள்.

ஆகவே, மகள் வந்து சொன்னால் "நீ என்ன செய்தாய்?" என்று தொடங்காதீர்கள். கோபத்தில், அவளை ஒதுக்கும் பெண்ணின் தாயை உடனே அழைக்காதீர்கள். மறுநாள் பள்ளியில் அதற்கான விலையைக் கொடுப்பவள் உங்கள் மகள்தான். குழு உரையாடல்களை அழிக்காமல் தேதியுடன் சேமித்துப் பள்ளி ஆலோசகரிடம் காட்டுங்கள். கைபேசியைப் பிடுங்குவது தண்டனையாகவே அவளுக்குப் படும், அடுத்த முறை உங்களிடம் வாயே திறக்கமாட்டாள். பள்ளிக்கு வெளியே, நடனமோ விளையாட்டோ, வேறொரு தோழமை வட்டம் இருக்கட்டும். தயவுசெய்து இதையும் கேளுங்கள்: யாரைப் பற்றியேனும் உங்கள் மகளின் கூட்டம் ஓயாமல் சிரித்துக்கொண்டிருந்தால், அவளிடமும் அமர்ந்து பேசுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்று எந்தப் பிள்ளை சொன்னாலும், ஆலோசகரைச் சந்திக்கும் நாள் வரை காத்திராமல், இரவானாலும் அமெரிக்காவின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988ஐ அழையுங்கள்.