நத்தைக்கு ஏது தொப்புள்கொடி?

"இப்பேரினத்தின் ஓடு அகன்ற தொப்புள்கொடியைக் கொண்டது." மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு தொல்லுயிரியல் கட்டுரையில் இருந்த வரி இது. இதே தவறு என் கண்ணில் படுவது நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ. கொடி என்பது தாயையும் வயிற்றுப் பிள்ளையையும் இணைப்பது. நத்தை ஓட்டில் கொடியும் இல்லை, கயிறும் இல்லை. இருப்பது வெறும் பள்ளம்.

அந்தப் பள்ளத்துக்கான மூலச்சொல் அம்பிலிகஸ். லத்தீனில் தொப்புள் என்று பொருள். கிரேக்கத்தில் ஓம்ஃபலோஸ். கட்டுரை பேசிய, அழிந்துபோன நத்தைப் பேரினத்தின் பெயரே யூஓம்ஃபலஸ், அதாவது 'நல்ல தொப்புளுடையது'. 1814இல் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜேம்ஸ் சவர்பி வைத்த பெயர். நம்மிடம் கொப்பூழ், உந்தி, தொப்புள் என்று மூன்று இருக்கின்றன. சொல்லுக்குப் பஞ்சமே இல்லை.

பொருளைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தால் இந்தத் தவறே வந்திருக்காது. நத்தை ஓடு ஓர் அச்சைச் சுற்றிச் சுருண்டு வளர்கிறது. சுற்றுகள் நெருக்கமாக ஒட்டினால் நடுவில் தூண் உருவாகும். விலகிச் சுருண்டால் அச்சு இருக்கவேண்டிய இடம் வெற்றிடமாகி, அடிப்பக்கம் பள்ளமாகத் திறக்கும். ஆர்கிடெக்டோனிகா என்ற கடல்நத்தையின் தட்டையான ஓடு என் மேசையில் கிடக்கிறது. கவிழ்த்துப் பார்த்தால் பள்ளத்துக்குள் சுற்றுகள் சுழல்படிக்கட்டு போல இறங்குகின்றன. தோட்டத்துச் செடிகளைத் தின்று தீர்க்கும் ஆப்பிரிக்கப் பெருநத்தைக்கு இந்தப் பள்ளம் கிடையாது.

சரி, 'கொடி'யை வெட்டித் 'தொப்புள்' என்று திருத்தி அனுப்பினேன். திரும்பி வந்த பிரதியில் 'மையக்குழி' என்று இருந்தது. அறிவியல் கட்டுரையில் தொப்புள் என்று எழுதக் கூச்சமாம். இந்தக் கூச்சத்தைக் கொடுத்தது சினிமா, தமிழ் அல்ல. மதுரையை மாயோனின் கொப்பூழில் மலர்ந்த தாமரைக்கு ஒப்பிட்ட பரிபாடலுக்கு அந்தக் கூச்சம் இல்லை.

கூச்சத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொருள் கெடுகிறதே, அதுதான் தாங்கவில்லை. யூஓம்ஃபலஸின் ஓடு கோபுரமாக உயர்வதில்லை, வட்டுப்போலச் சப்பையானது. சில சிற்றினங்களில் உச்சியும் எழும்பாமல் சற்றே அமிழ்ந்திருக்கும். அப்போது மேல்பக்கத்து நடுவிலும் ஒரு குழி, அடிப்பக்கத்து நடுவிலும் ஒரு குழி. 'மையக்குழி' என்றால் வாசிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்? தொப்புள் என்றால் அடிப்பக்கம் என்று ஒருமுறை சொன்னால் போதும்.

இன்னொன்று, இது தனிச்சொல் அல்ல, ஒரு குடும்பம். பள்ளம் திறந்திருக்கலாம், பாதி மறைந்திருக்கலாம், தடித்த சுண்ணப்பூச்சு அதை அடைத்திருக்கலாம், இல்லாமலே போகலாம். நான்கு நிலைக்கும் ஓம்ஃபலோஸை வைத்தே துறைச்சொற்கள் உண்டு. திறந்த தொப்புள், பாதி மூடிய தொப்புள், அடைந்த தொப்புள், தொப்புளற்றது என்று தமிழும் தானாக வந்து விழுகிறது. 'மையக்குழியற்றது' என்று எழுதிப் பாருங்கள், ஏதோ சாலை ஒப்பந்தம் மாதிரி இருக்கும்.

புதைபடிவத்தில் இதையெல்லாம் சரியாகச் சொல்லித்தான் ஆகவேண்டும். நத்தையின் சதை எப்போதோ போயிற்று, வகைப்படுத்த ஓடு மட்டுமே மிச்சம். பிரெஞ்சு இயற்கையியலாளர் மான்ட்ஃபோர்ட் 1810இல் பெயரிட்ட ஸ்ட்ராபரோலஸ் என்ற இன்னொரு புதைபடிவ நத்தைப் பேரினத்துக்கும் அகன்ற தொப்புள்தான். அதன் சுற்று உருண்டை. யூஓம்ஃபலஸின் சுற்றில் மேல்பக்கம் ஒரு கூர்வரம்பு ஓடும், வளர்ச்சிக் கோடுகள் அங்கே பின்வாங்கி வளையும். இந்த வரம்பு மட்டும் போதாது என்று யூஓம்ஃபலஸை ஸ்ட்ராபரோலஸுக்குள் துணைப்பேரினமாக அடக்கியவர்களும் உண்டு. சண்டையே இவ்வளவு நுணுக்கமான இடத்தில் நடக்கும்போது, மொழிபெயர்ப்பாளர் கொடியைக் கொண்டுவந்து நுழைக்கிறார்.

கொப்பூழ் என்றே போடலாமே என்று எனக்கும் ஆசை உண்டு. ஆனால் அதற்கு ஓர் அடிக்குறிப்பு வேண்டியிருக்கும். தொப்புளுக்கு வேண்டாம்.

அதே கட்டுரையில் இன்னொரு கோளாறும் இருந்தது. ஓட்டின் உச்சியை மேலே வைத்து, வாய் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால், வாய் வலப்பக்கம் அமைவதுதான் அறிவியலில் வலச்சுழி. அதை 'வலம்புரி' என்று எழுதியிருந்தார்கள். நாம் பூசையில் வைக்கும் அரிய வலம்புரிச் சங்கோ அந்தக் கணக்கின்படி இடச்சுழி! அகராதி பார்த்தவர் சங்கைப் பார்க்கவில்லை. 'வலச்சுழி' என்று மாற்றினேன், அது அப்படியே நின்றது.

மையக்குழி மட்டும் விடவில்லை. கடைசியாக வந்த பிரதியில் 'தொப்புள்' என்று போட்டு, பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'மையக்குழி' உட்கார்ந்திருந்தது. அடைப்புக்குறியோடு சேர்த்து அழித்துவிட்டு அனுப்பியிருக்கிறேன்.