ஏசியில் நிரப்பும் கேஸ் எங்கே போகிறது?

மார்ச் பிறந்துவிட்டால் ஏசி மெக்கானிக்குகளுக்கு ஓய்வே கிடையாது. "கூலிங் வரலைங்க" என்று கூப்பிட்டால், வந்தவர் பிரஷரைப் பார்த்துவிட்டு, "கேஸ் தீர்ந்துபோச்சு சார், போட்டுடலாம்" என்பார். வண்டிக்குப் பெட்ரோல் போடுவதைப் போல நாமும் வருடா வருடம் காசு கொடுத்து நிரப்பிக்கொள்கிறோம்.

ஆனால் ஏசியில் கேஸ் செலவாவதே இல்லை. மூடிய செம்புக் குழாய்க்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. அறைக்குள் ஆவியாகும்போது வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். கம்ப்ரசர் அதை அழுத்தியதும் வெளியே உள்ள யூனிட்டில் அந்த வெப்பத்தை விட்டுவிட்டு மறுபடி திரவமாகும். குழாயில் கசிவு இல்லாவிட்டால் பத்து வருடமானாலும் போட்ட கேஸ் அப்படியே இருக்க வேண்டும். குறைந்திருக்கிறது என்றால் காற்றில் கலந்துவிட்டது என்றுதான் பொருள்.

கலந்தால் என்ன? வெயிலில் சூடாகும் பூமி, அந்தச் சூட்டை அகச்சிவப்புக் கதிர்களாக விண்வெளிக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. காற்றின் பெரும்பகுதியான நைட்ரஜனும் ஆக்சிஜனும் இந்தக் கதிர்களைத் தடுப்பதில்லை. நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் தடுக்கின்றன, ஆனால் எல்லா அலைநீளத்திலும் அல்ல. கார்பன் டை ஆக்சைடு உறிஞ்சுவது முக்கியமாக 15 மைக்ரோமீட்டரை ஒட்டிய கதிர்களை. 8 முதல் 12 மைக்ரோமீட்டர் வரையிலான பகுதி பெருமளவு திறந்தே கிடக்கிறது. இதற்கு வளிமண்டல ஜன்னல் என்று பெயர். தரையின் வெப்பம் நேராக விண்வெளிக்குப் போகும் முக்கிய வழியும் இதுதான்.

பெரும்பாலான ஏசி வாயுக்களில் கார்பனும் ஃப்ளோரினும் பிணைந்திருக்கின்றன. அந்தப் பிணைப்பு அதிர்ந்து கதிர்களை உறிஞ்சுவது, பொல்லாத வேளையாக, ஏறக்குறைய இதே ஜன்னலில். கார்பன் டை ஆக்சைடு தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்து, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. அதற்குரிய அலைநீளத்தின் மையப்பகுதி ஏற்கெனவே அடைபட்டுவிட்டதால், புதிதாகச் சேரும் மூலக்கூறுகள் பெரும்பாலும் ஓரங்களில்தான் வேலை செய்கின்றன. ஏசி வாயுவுக்கு அந்த நெரிசல் இல்லை. ஒவ்வொரு மூலக்கூறும் முழு வீச்சில் வெப்பத்தைப் பிடிக்கும்.

இதை முதலில் கணக்கிட்டுச் சொன்னவர் வீரபத்ரன் இராமநாதன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துவிட்டு, செகந்திராபாத்தில் குளிர்பதனப் பெட்டி செய்யும் ஆலையில் சேர்ந்தவர். அங்கே அவர் பார்த்த வேலை, வாயு ஏன் கசிகிறது என்று கண்டுபிடிப்பது! பிறகு அமெரிக்கா போனார். அன்றைய குளிர்பதன வாயுக்களான குளோரோஃப்ளோரோ கார்பன்களின் ஒரு மூலக்கூறு, கார்பன் டை ஆக்சைடின் பத்தாயிரம் மூலக்கூறுகளுக்கு ஈடாகப் பூமியைச் சூடாக்கும் என்று 1975-இல் காட்டினார். ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் வந்த மான்ட்ரியல் உடன்படிக்கை அந்த வாயுக்களுக்கு முடிவு கட்டியது. மாற்றாக வந்தவற்றில் ஓசோனைத் தொடாதவைகூட வெப்பத்தைப் பிடிப்பதை விடவில்லை. அவற்றைக் குறைக்க 2016-இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் இன்னொரு ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது.

வீட்டுக் கணக்குக்கு வருவோம். பழைய ஏசிகளில் உள்ள ஆர்-22 என்ற வாயு ஒரு கிலோ கசிந்தால், நூறாண்டில் அது பிடிக்கும் வெப்பம் சுமார் 1,800 கிலோ கார்பன் டை ஆக்சைடு பிடிப்பதற்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ வரும். அதாவது கசிந்தது ஒரு கிலோ. எரித்த கணக்கு 780 லிட்டர். ஸ்கூட்டரில் முப்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டலாம். ஆர்-410ஏ என்ற வாயு இதைவிட மோசம். இப்போது பரவலாக வரும் ஆர்-32 ஒரு கிலோ கசிந்தால் சுமார் 675 கிலோவுக்குச் சமம். புரோப்பேன் வாயுவான ஆர்-290-இன் பாதிப்பு மிகமிகக் குறைவு. தீப்பற்றும் என்பதால் பொருத்துபவர் விவரம் தெரிந்தவராக இருக்க வேண்டும். எந்த வாயு, எத்தனை கிலோ என்பது வெளியே உள்ள யூனிட்டின் ஸ்டிக்கரிலேயே இருக்கும்.

கசிவை மட்டும் அடைத்தால் போதும் என்று சொல்ல வரவில்லை. நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. இரவுக்கு எட்டு யூனிட் வீதம் 150 இரவுகள் ஓடினால் 840 கிலோ. கசியாத ஆர்-32 ஏசி என்றால் மின்சாரம்தான் பெரிய செலவு. 18 டிகிரியில் வைத்துப் போர்வை போர்த்திக்கொள்வதை விட்டு, 26-இல் வைத்து மின்விசிறியைச் சுழலவிட்டாலே கணிசமாகக் குறையும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 6 சதவீதம் மிச்சம் என்கிறது இந்திய எரிசக்தித் திறன் அமைப்பு. ஆனால் வருடா வருடம் கேஸ் நிரப்பும் பழைய ஏசியில் கணக்கு தலைகீழாகிவிடும்.

ஆகவே மெக்கானிக் சிலிண்டரைத் தூக்கிவரும்போது, முதலில் கசிவைக் காட்டச் சொல்லுங்கள். குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று பார்க்கலாம், கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் வெளியே வரும். நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி கிளம்பும். கூடுதலாகக் கொஞ்சம் நேரமும் பணமும் ஆகும். அடுத்த வருட டாப்-அப் மிச்சம். கடலோர ஊர்களில் உப்புக்காற்று காயிலை அரிப்பதால் அங்கே இந்தச் சோதனை இன்னும் அவசியம்.

வாடகை வீடு மாறும்போதுதான் பெரிய கசிவு நடக்கிறது. அவசரத்தில் நட்டைக் கழற்றி, புஸ்ஸென்று மொத்தத்தையும் வெளியே விட்டுவிடுவார்கள். 'பம்ப் டவுன்' செய்யச் சொன்னால் போதும்: ஏசியை ஓடவிட்டு ஒரு வால்வை மூடினால் கேஸ் முழுக்க வெளி யூனிட்டில் வந்து தங்கும், பிறகு மற்ற வால்வையும் மூடிவிடலாம். சில நிமிட வேலைதான். புது வீட்டில் அதே கேஸ் ஓடும்.