அந்தச் சுத்தியலை வெட்டிவிடாதீர்கள்

பழைய நெகட்டிவ்களையும் படம் பதிந்த கண்ணாடித் தகடுகளையும் பேணுவது என் வேலை. கலிபோர்னியாவின் சுரங்க, நில ஆய்வுப் படங்கள்தான் என் மேசைக்கு அதிகம் வரும். அந்த மாநிலம் 1880-லேயே சுரங்கத் துறைக்கென்று ஓர் அலுவலகம் தொடங்கிவிட்டது. அதனால் படங்களுக்குக் குறைவில்லை.

ஒருமுறை ஒரு பெட்டி வந்தது. நல்லெண்ணத்தில் யாரோ எல்லாத் தகடுகளையும் புது வெள்ளை உறைகளுக்கு மாற்றியிருந்தார்கள். பழைய உறைகள் குப்பைக்குப் போய்விட்டன. எந்த ஊர், எந்த மாதம், எந்தத் திசை பார்த்து எடுத்தது என்று எடுத்தவர் எழுதியிருந்ததும் அவற்றோடு போய்விட்டது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதில் ஒரு தகட்டை வெளிச்ச மேசையில் வைத்து லென்ஸ் வழியாகப் பார்த்தேன். வெட்டுண்ட மலைச்சரிவு. நெகட்டிவ் என்பதால், குழாயிலிருந்து பாயும் தண்ணீர் மைக்கோடு மாதிரி கறுப்பாகத் தெரிந்தது. பக்கத்தில் நகம் அளவுகூட இல்லாத ஒரு மனிதர். அவர் நிற்பதால்தான் அந்தச் சரிவின் உயரத்தைக் கணக்கிட முடிகிறது.

தண்ணீரைப் பீய்ச்சி மலையைக் கரைத்துத் தங்கம் எடுத்த காலம் அது. கரைந்த மண் ஆறுகளை மேடாக்கி வயல்களை மூடியது. 1884-ல் நீதிமன்றம் அதற்குக் கடிவாளம் போட்டது. பிற்பாடு ஜி. கே. கில்பர்ட் என்ற புவியியலாளர் அந்த மண்ணை அளந்து 1917-ல் அறிக்கை வெளியிட்டார். பனாமா கால்வாய்க்குத் தோண்டியதைப் போல ஏறக்குறைய 8 மடங்கு என்றார். தங்கத்தைப் பிடிக்க மரக் கால்வாய்களில் ஊற்றிய பாதரசம் இன்றும் அங்கே மண்ணில் இருக்கிறது. எந்த மரக் கால்வாய் எந்த வழியாக ஓடியது என்று காட்ட, பல இடங்களில் பழைய படத்தை விட்டால் வேறு வழியில்லை.

அதே கில்பர்ட் 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்குப் பின் ஒரு வேலியைப் படம் எடுத்தார். நேராகப் போன வேலி பிளவுக்கோட்டில் அறுந்து, சுமார் 8½ அடி தள்ளி மறுபடி தொடர்கிறது. பார்க்கச் சாதாரண வேலிதான். நிலம் எவ்வளவு நகர்ந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

பாறைப் படங்களில் ஓரமாகக் கிடக்கும் சுத்தியலும் அப்படித்தான். அளவு காட்டவே புவியியலாளர் அதை வைக்கிறார். கண்ணை உறுத்துகிறது என்று ஸ்கேன் செய்யும்போது அதை வெட்டிவிட்டால், பாறை இரண்டு அடியா இருபது அடியா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

சரி, உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ இப்படி ஒரு பெட்டி இருந்தால்? கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், நீளப் பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்தி வையுங்கள். ஓரத்தை மட்டும் தொடுங்கள். ஈரத்துணி வேண்டவே வேண்டாம், மங்கலான பக்கத்தில்தான் படமே இருக்கிறது. உடைந்ததை டேப் போட்டு ஒட்டாதீர்கள். ஃபிலிம் பெட்டியில் வினிகர் வாடை அடித்தால் அதை உடனே தனியாக வையுங்கள், அந்த ஆவி மற்றவற்றையும் கெடுக்கும். 1950களின் தொடக்கத்துக்கு முந்தைய ஃபிலிம் பிசுபிசுத்தாலோ பழுப்பேறிப் பொடிந்தாலோ எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் வகையாக இருக்கலாம். அது தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் அணையாது. குளிர்ந்த இடத்தில் வைத்துவிட்டு, விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

எதை மாற்றினாலும் பழைய உறையைத் தூக்கிப் போடாதீர்கள். கிழிந்திருந்தாலும் எண் போட்டுப் படத்தோடு சேர்த்து வையுங்கள். எடுத்தவர் உயிரோடு இருந்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகக் கேளுங்கள். அவர் சொல்வதைப் புது உறையில் பென்சிலால் எழுதி, அப்புறம் படத்தை உள்ளே வையுங்கள்.

உறைகளை இழந்து வந்த அந்தப் பெட்டியின் தகடுகளை மலைமுகட்டின் வடிவத்தை வைத்துத்தான் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டோம். நீர் பாயும் அந்தத் தகட்டில் முகடு படச்சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. அதற்கு இன்னும் இடம் தெரியவில்லை.