கல்லில் அடித்த இன்ஜினா? முதலில் எண்ணெயைப் பாருங்கள்

போன மாதம் ஒரு காலையில், ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடம் பக்கமிருந்து ஒரு தம்பி வள்ளத்து இன்ஜினைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். "அண்ணே, நாலு நாளா நல்லாத்தான் ஓடுச்சு. நேத்து படக்குன்னு நின்னுருச்சு" என்றார். புரொப்பல்லரைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. மூன்று இதழிலும் சுத்தியல் தடம். தென்கடலில் (மன்னார் வளைகுடாவில்) கடலடிப் பார், அதாவது பாறைத்திட்டு ஓரமாக வரும்போது கல்லில் அடித்திருக்கிறது. வளைந்த இதழைக் கரையிலேயே தட்டி நிமிர்த்திவிட்டு மறுநாளே கடலுக்குப் போயிருக்கிறார்.

கியர்பாக்ஸின் அடி ஸ்க்ரூவைக் கழற்றினேன். முதலில் தண்ணீர் வந்தது, அப்புறம் பால் டீ நிறத்தில் ஒரு கூழ், அதாவது தண்ணீர் கலந்த எண்ணெய். விரலில் தேய்த்துப் பார்த்தால் வெயிலில் இரும்புத் தூள் மினுங்கியது. பிரித்தபோது பினியன் என்கிற சின்ன கியரில் இரண்டு பல் இல்லை, பேரிங் துருவேறி இறுகிக் கிடந்தது. அடிபட்ட அன்றே வந்திருந்தால் ஆயில் சீலும் (தண்ணீர் உள்ளே புகாமல் தடுக்கும் வளையம்) புது எண்ணெயும் மாற்றி அனுப்பியிருப்பேன்.

நம் கடல் அப்படி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் 14 மண்டபம், கீழக்கரைக் கூட்டங்களில்தான் இருக்கின்றன. அவற்றைச் சுற்றிலும் பவளப் பார். வடகடலோ (பாக் விரிகுடா) ஆழமில்லாதது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் வற்றும்போது நேற்று தாண்டிய கல் இன்று தட்டும். (1986 முதல் தேசியப் பூங்காவாக இருக்கிற இடம் அது. உடைகிற பவளமும் ஓர் உயிர்தான், அது தனிக் கதை.)

புரொப்பல்லர் கல்லில் சட்டென்று நிற்கிறது, மேலே இன்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்த அதிர்ச்சி முழுவதும் நடுவிலுள்ள சாஃப்ட்டிலும் கியர் பல்லிலும்தான் இறங்கும். அதைத் தாங்கத்தான் சிறிய இன்ஜினில் ஒரு மெல்லிய பின், பெரியதில் புரொப்பல்லருக்குள் ரப்பர். பின் அடிக்கடி முறிகிறது என்று கட்டுமானக் கம்பியை வெட்டிச் சொருகி ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சின்னச் சாமானைக் காப்பாற்றிவிட்டு கியர்பாக்ஸைக் கொடுப்பது இது. இன்ஜின் துள்ளக்கூடாது என்று கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் அதே கணக்குதான். கல் தட்டினால் இன்ஜின் மேலே எகிற வேண்டும், அதற்காகத்தான் அந்தக் கீல்.

சரி, அடிபட்டுவிட்டது. உடனே நியூட்ரலில் போட்டு நிறுத்தி, இன்ஜினைத் தூக்கிப் பாருங்கள். உடைசல் தெரியாவிட்டால் மெதுவாகக் கரைக்கு வாருங்கள். குளிர்விக்கும் தண்ணீர் பீச்சுகிறதா என்பதில் ஒரு கண் இருக்கட்டும். புதிதாக உதறல் தெரிந்தால் சாஃப்ட் வளைந்திருக்கலாம்.

கரையில் இன்ஜினை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, பிளக் ஒயரையும் கழற்றிவிட்டுப் புரொப்பல்லரை எடுங்கள். உள்ளே தூண்டில் நரம்பு சுற்றியிருந்தால் சீலை அறுத்திருக்கும். சாஃப்ட் நுனிக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை அசையாமல் பிடித்துக் கையால் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் சாஃப்ட் வளைந்திருக்கிறது. அதைத் தட்டி நிமிர்த்த வேண்டாம், மாற்றியே ஆக வேண்டும்.

கியர்பாக்ஸின் வெளிக்கூட்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க எங்கள் பட்டறையில் ஒரு பழைய வழி உண்டு. நன்றாகக் கழுவித் துடைத்து, மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, மறுபடி துடைத்துவிட்டுச் சாக்பீஸ் தூளைத் தூவுவோம். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து, வெள்ளையில் மயிரிழைபோல் ஈரக்கோடு விழும். அதன்மேல் எம்-சீல் அப்பி ஓட்ட வேண்டாம். அலுமினிய வெல்டிங் வைப்பதானால் கியரையும் சீலையும் கழற்றிய பிறகுதான். சூட்டில் சீல் வெந்துவிடும்.

கடைசியாக எண்ணெய். இன்ஜினை இரவு முழுக்க நேராக நிறுத்தி வையுங்கள். தண்ணீர் புகுந்திருந்தால் பெரும்பாலும் அடியில் தங்கும். காலையில் அடி ஸ்க்ரூவை லேசாகத் தளர்த்தினால் முதல் சொட்டே சொல்லிவிடும். புது எண்ணெயைக் கீழ் ஓட்டை வழியாகத்தான் ஏற்ற வேண்டும், மேல் ஓட்டையில் வழியும்வரை. மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று தங்கிவிடும். பழைய எண்ணெயை மணலில் கொட்டாதீர்கள்.

போன வாரம் அந்தத் தம்பி மறுபடி வந்தார். இன்ஜினைக் கொண்டுவரவில்லை, தண்ணீர் பாட்டிலின் அடியில் கொஞ்சம் எண்ணெய் பிடித்து வந்திருந்தார். "நேத்து லேசாத் தட்டுச்சுண்ணே. வெள்ளையா இருக்கா பாருங்க" என்றார். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். தேன் நிறத்திலேயே இருந்தது.