ஏலத்துக்கு வராத அலைக்கற்றை

அலைக்கற்றை என்றதும் நமக்கு ஏலமும் வழக்கும் கோடிக்கணக்கான ரூபாயும்தான் நினைவுக்கு வரும். யாரும் ஏலம் கேட்க முடியாத சில துண்டுகளும் அதில் இருக்கின்றன. 1400 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1427 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள துண்டு அவற்றில் ஒன்று. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ரேடியோ விதிகளில் 5.340 என்ற எண்ணில் ஓர் அடிக்குறிப்பு உண்டு. அதில் பட்டியலிட்டுள்ள அலைவரிசைகளில் யாரும் எதையும் அனுப்பக் கூடாது. உரிமக் கட்டணம் கட்டத் தயாராக இருந்தாலும் கூடாது. அங்கே கேட்க மட்டுமே அனுமதி.

கேட்பவர்கள் இரண்டு தரப்பினர். விண்வெளியில் பரவிக்கிடக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் 1420.4 மெகாஹெர்ட்ஸில் மிக மெல்லிய அலையை வெளியிடுகின்றன. அதை வைத்துத்தான் வானியலாளர்கள் பால்வீதியின் சுழல் கரங்களை வரைகிறார்கள். பூமியைப் பார்க்கும் செயற்கைக்கோள்களுக்கும் இதே துண்டு வேண்டும். மண்ணிலிருந்து இயல்பாக எழும் இந்த அலை எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதை அளந்தால் மண்ணின் ஈரம் தெரியும்; கடலின் மேல் அளந்தால் உப்பின் அளவு தெரியும். ஐரோப்பிய விண்வெளி முகமை 2009இல் அனுப்பிய ஸ்மோஸ், நாசா 2015இல் அனுப்பிய ஸ்மாப் ஆகிய இரண்டும் இதற்காகவே பறப்பவை.

ரேடியோ தொலைநோக்கிகளுக்கு எங்கிருந்து தொந்தரவு வருகிறது என்று தேடுவது என் தொழில். கையில் ஓர் ஆன்டெனா, தோளில் எந்த அலைவரிசையில் எவ்வளவு வலு என்று திரையில் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர், காலடியில் வயல் வரப்பு. ‘யாரோ பெரிய டிரான்ஸ்மிட்டரை வைத்து உங்கள் வேலையைக் கெடுக்கிறார்களா?’ என்று கேட்பவர்கள் அதிகம். உண்மை அதற்கு நேர்மாறானது. பெரிய டிரான்ஸ்மிட்டருக்கு உரிமையாளர் உண்டு, கோப்பு உண்டு, தொலைபேசி எண் உண்டு, பேசித் தீர்த்துக்கொள்ளலாம். எனக்குத் தூக்கம் கெடுவது, தாங்கள் ரேடியோ அலை அனுப்புகிறோம் என்றே அறியாத கருவிகளால்தான்.

அளவு புரிய ஒரு கணக்கு. வானியலாளர்கள் அலை வலிமையை ஜான்ஸ்கி என்ற அலகால் குறிப்பார்கள். 1930களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்துக்காகத் தொலைபேசி இரைச்சலின் மூலத்தைத் தேடப்போய், பால்வீதியிலிருந்து வரும் அலையைக் கண்டுபிடித்த கார்ல் ஜான்ஸ்கியின் பெயர் அது. (குறுக்கீட்டைத் தேடப்போனவர்தான் இந்தத் துறையையே தொடங்கி வைத்தார் என்பதில் எங்களைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.) பழைய ஜிஎஸ்எம் கைபேசி ஒன்றை நிலவில் வைத்து 1 வாட் திறனில் பேசினால், அது பூமியில் 200 ஜான்ஸ்கிக்கு மேல் தெரியும். இன்றைய ஆய்வுகள் தேடுவதோ ஒரு ஜான்ஸ்கியில் ஆயிரத்தில் ஒரு பங்கையும் அதற்குக் குறைந்ததையும். நிலவில் இருக்கும் கைபேசிக்கே இந்த நிலை என்றால், அடுத்த தெருவில் இருப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

வானியலில் ஒரு வசதி உண்டு. கெட்டுப்போன பகுதியை வெட்டி எறிந்துவிட்டு அடுத்த வாரம் மறுபடி பார்க்கலாம். அண்டம் எங்கும் ஓடிவிடாது. பூமியைப் பார்ப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. இன்று மாலை வங்கக் கடலின் மேல் இருந்த ஈரப்பதத்தை இன்று மாலைதான் அளக்க முடியும்.

பிழை நுழையும் விதமும் வேறு. செயற்கைக்கோளில் இருக்கும் கதிர்மானி, வந்து சேரும் ஆற்றலை மட்டுமே அளந்து, அதை வெப்ப அளவாகச் சொல்கிறது. அது மண்ணிலிருந்து வந்ததா, மனிதன் செய்த கருவியிலிருந்து வந்ததா என்று அந்த எண்ணில் எழுதியிருக்காது. சூடான காப்பி குடித்த வாயில் தெர்மாமீட்டரை வைத்ததுபோல்தான். 108 காட்டினால் சிரித்துவிட்டு உதறி மறுபடி வைப்போம்; 100 காட்டினால் காய்ச்சல் என்று நம்பி மாத்திரை கொடுத்துவிடுவோம். வலுவான குறுக்கீடு, நிலப்பரப்பில் சாத்தியமே இல்லாத வெப்ப அளவைக் காட்டித் தானே மாட்டிக்கொள்ளும். சில டிகிரி மட்டும் கூட்டுகிற மெல்லிய குறுக்கீடு மாட்டாது. ஈர மண் இந்த அலைவரிசையில் குறைவாகவும், காய்ந்த மண் அதிகமாகவும் அலை வெளியிடும். ஆகவே எங்கோ கசியும் கொஞ்சம் ஆற்றல், நனைந்த வயலைக் காய்ந்த வயலாகக் காட்டிவிடும். அந்த எண் எந்த எச்சரிக்கைக் குறியும் இல்லாமல் வரைபடத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இரைச்சலைவிட நான் அஞ்சுவது இந்த முணுமுணுப்பைத்தான்.

ஸ்மாப்பை வடிவமைத்தவர்கள் இதை முன்பே யோசித்திருந்தார்கள். அதன் கதிர்மானி, வரும் அலையைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றின் புள்ளியியல் இயல்பையும் பார்க்கிறது. இயற்கை இரைச்சலின் பரவலுக்கு ஒரு குறிப்பிட்ட வடிவம் உண்டு. மனிதக் கருவிகளின் அலை பெரும்பாலும் அதிலிருந்து பிசகும். ஸ்மோஸ் பறக்கத் தொடங்கிய புதிதில், யாரும் எதையும் அனுப்பக் கூடாத அந்தத் துண்டில் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் மூலங்கள் சரமாரியாகத் தெரிந்தன. ஜப்பானின் கதை எனக்குப் பிடித்தது. அங்கே ஒரு பகுதிக் குறுக்கீடு வீட்டுக் கூரைகளிலிருந்து வந்தது. செயற்கைக்கோள் டிவி டிஷ்ஷின் முன் நீட்டியிருக்கும் எல்என்பி என்ற சிறு கருவி, மேலிருந்து வரும் உயர் அதிர்வெண்ணைக் குறைத்து, சுமார் 1000 முதல் 2000 மெகாஹெர்ட்ஸுக்குள் கேபிள் வழியாகக் கீழே அனுப்புகிறது. 1400 அந்த வழியில்தான் இருக்கிறது. கேபிளும் இணைப்பும் சரியாக இருந்தால் அலை உள்ளேயே ஓடிவிடும். தளர்ந்த கனெக்டர், மறைப்பில்லாத பழைய பூஸ்டர் என்றால் வெளியே கசியும். ஒரு வீட்டுக் கசிவு ஒன்றுமில்லை. ஒரு நகரத்துக் கசிவு விண்வெளியிலிருந்து தெரியும்.

நம் மொட்டைமாடிகளில் உள்ள டிஷ்களும் இதே முறையில்தான் இயங்குகின்றன. மழையில் பச்சை பிடித்த கனெக்டர், இரண்டு கேபிள்களின் செம்பை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒட்டு, யாரும் பயன்படுத்தாமல் திறந்து கிடக்கும் ஸ்பிளிட்டர் வாய்: இவற்றைச் சரிசெய்யச் சில நூறு ரூபாய் போதும், டிவி படமும் தெளியும்.

களத்தில் எனக்கு அதிக வேலை வைப்பவை மின்கம்பங்கள். தளர்ந்த கிளிப், விரிசல் விட்ட இன்சுலேட்டர், சரியாக முறுக்காத இணைப்பு என்று எங்காவது ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தால் அங்கே பொறி தாவும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒவ்வோர் அரைச் சுற்றிலும் தாவுவதால் நொடிக்கு 100 முறை கொத்துக் கொத்தாக இரைச்சல் வரும். அது ஓர் அலைவரிசையோடு நிற்காது. நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரவும். அனலைசர் திரையைப் பார்த்தாலே அடையாளம் தெரிந்துவிடும். இன்னோர் அடையாளம் வானிலை. இத்தகைய பொறி வறண்ட காற்றில் குஷியாக இருக்கும்; நல்ல மழை பெய்ததும் ஈரம் இடைவெளியை நிரப்ப, காணாமல் போகும். புகார் வந்த அன்று தூறல் போட்டால் நான் கிளம்புவதே இல்லை.

தேடும் முறை எளியது, பொறுமை வேண்டும். குறைந்த அதிர்வெண்ணில் இரைச்சல் கம்பி வழியாக வெகுதூரம் பயணிக்கும், திசை குழப்பும். நெருங்க நெருங்க அதிர்வெண்ணைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். உயர் அதிர்வெண்ணில் எந்தக் கம்பத்தடியில் மிக வலுவாகக் கேட்கிறதோ, அதுதான். பிறகு கேளா ஒலியைப் பிடிக்கும் சிறு குவிதட்டைக் கம்பத்தின் உச்சிக்குத் திருப்பினால் எந்த இன்சுலேட்டர் என்பதும் தெரியும். கம்பத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம், மேலே இருப்பது 11,000 வோல்ட். கம்பத்தின் எண்ணைக் குறித்துக் கொடுத்தால் மின் ஊழியர்கள் வந்து சரிசெய்வார்கள். அவர்களுக்கும் லாபம்தான்: இன்று பொறி விடும் இணைப்பு, நாளை அறுந்து விழும் கம்பி.

இந்தியாவில் இந்தப் போராட்டத்தின் மையம் புணேவுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில், நாராயண்காவ் அருகே கோடாட்டில் இருக்கும் ஜிஎம்ஆர்டி என்ற ரேடியோ தொலைநோக்கி. 45 மீட்டர் விட்டமுள்ள 30 டிஷ்கள். 14 நடுவில் ஒரு கிலோமீட்டர் சதுரத்துக்குள், மற்ற 16 ஒய் எழுத்து வடிவில் மூன்று கரங்களாக, மொத்தம் 25 கிலோமீட்டர் பரப்பில். (ஸ்மோஸின் ஆன்டெனாக்களும் இதே ஒய் வடிவில், இதே கணித முறையில் இயங்குகின்றன, கரத்தின் நீளம் மட்டும் சில மீட்டர்.) திராட்சையும் தக்காளியும் விளையும் வட்டாரம் அது. இரைச்சல் குறைவு, சுற்றிலும் மலைகள் மறைப்பு என்பதால் தேர்ந்தெடுத்த இடம். அங்கே தொழிற்சாலை வரக் கட்டுப்பாடு. புணே–நாசிக் ரயில் பாதைத் திட்டத்துக்கும் இந்தத் தொலைநோக்கியைக் காக்க வேண்டி வழி மாற்ற வேண்டியதாயிற்று. அந்த ஊர் மக்களிடம் ‘அறிவியலுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது எனக்கு உடன்பாடில்லை. விலை கொடுப்பவர்கள் அவர்கள். என்ன அளக்கிறோம், எந்தக் கருவி எப்படிக் கெடுக்கிறது என்று அவர்கள் திரையில் பார்க்க உரிமை உண்டு. பார்த்தவர்கள் தாங்களாகவே எல்இடி விளக்கை அணைத்துவிட்டு ‘இப்போது போயிற்றா?’ என்று கேட்பார்கள்.

நமக்கு அருகில் ஊட்டி முத்தோரையில் 1970 முதல் இயங்கும் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் எழுந்தது. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட உருளை வடிவம். மலைச்சரிவின் சாய்வு அந்த இடத்தின் அட்சரேகையான 11 டிகிரியோடு ஒத்துப்போகும்படி தேர்ந்து கட்டியதால், ஒரே அச்சில் சுழற்றி ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் பின்தொடர முடிகிறது. அது கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸில். அங்கே முழுத் தடை இல்லை. மற்றச் சேவைகளோடு பங்கிட்டுக்கொண்ட ஒதுக்கீடுதான்.

மலை மறைப்பு தரையிலிருந்து வருவதைத்தான் தடுக்கும். தலைக்கு மேல் பறப்பதை என்ன செய்வது? 2023இல் நெதர்லாந்தை மையமாகக் கொண்ட லோஃபார் தொலைநோக்கி 68 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களைக் கவனித்ததில், 47இல் 110 முதல் 188 மெகாஹெர்ட்ஸ் வரை கசிவு தெரிந்தது. இணையச் சேவைக்காக அனுப்பும் அலை அல்ல அது. உள்ளே இருக்கும் மின்னணுச் சுற்றுகளின் கசிவு. அடுத்த தலைமுறைச் செயற்கைக்கோள்களில் அது 32 மடங்கு வரை வலுவாக இருப்பதாக 2024இல் அதே குழு எழுதியது. டிரான்ஸ்மிட்டருக்கு விதி இருக்கிறது. சுற்றுப்பாதையில் இத்தகைய தற்செயல் கசிவுக்குச் சர்வதேச விதி இல்லை. இந்த ஓட்டையை அடைக்காமல் மற்றதைப் பேசிப் பயனில்லை என்பது என் கருத்து.

கடைசியாக, நம் தொலைத்தொடர்பு நிறுவனங்களில் கொள்முதல் பார்ப்பவர்களுக்கு ஒரு செய்தி. வானிலைச் செயற்கைக்கோள்களுக்குக் காற்றில் உள்ள நீராவியின் அளவைச் சொல்லும் அலைவரிசை 23.6 முதல் 24 கிகாஹெர்ட்ஸ் வரை. நீர் மூலக்கூறின் இயல்பு அது. வேறு அலைவரிசைக்கு மாற்றிக்கொள்ள முடியாது. அதற்கு மிக அருகில் 24.25இல் தொடங்கும் 5ஜி அலைக்கற்றை 2022இல் இந்தியாவில் ஏலம் போனது. பக்கத்து வீட்டுக்கு எவ்வளவு சிந்தலாம் என்பதை 2019இல் எகிப்தில் கூடிய உலக ரேடியோ மாநாடு முடிவு செய்தது: 200 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு ஒரு கோபுர நிலையம் மைனஸ் 33 டெசிபெல் வாட், அதாவது சுமார் அரை மில்லிவாட். உலக வானிலை அமைப்பு கேட்டது இதைவிடப் பல மடங்கு கடுமையான வரம்பு. 2027 செப்டம்பர் 1 முதல் வரம்பு மைனஸ் 39, அதாவது கால்வாசியாக இறங்கும். ஆனால் அந்தத் தேதிக்கு முன் இயங்கத் தொடங்கும் நிலையங்களுக்குப் பழைய வரம்பே நீடிக்கும். அவசரமாக இப்போது நட்டுவிட்டால் விதி தடுக்காது. தடுக்கக்கூடியது கொள்முதல் ஒப்பந்தத்தில் ஒரு வரி: கருவி மைனஸ் 39க்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், சோதனை அறிக்கை இணைக்க வேண்டும்.