ஒரு பாம்புக்கடி, ஐந்து மாணவர்கள்

பாளையங்கோட்டைக்கு அரசு சித்த மருத்துவக் கல்லூரி வந்தது 1964-இல். மறு வருடமே ஹைகிரவுண்டில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி. பிறகு நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, லேப் டெக்னீசியன் என்று படிப்புகள் பெருகிவிட்டன. எல்லாரும் ஒரே டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற பிள்ளைகள்தான். ஆனால் ஒரு துறைப் பிள்ளை இன்னொரு துறைப் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு நோயாளியைப் பற்றிப் பேசாமலேயே படிப்பு முடிந்துவிடுகிறது. முதல் பேச்சே நடுராத்திரி டூட்டியில்தான் நடக்கிறது. அப்போது இருவருக்குமே பதற்றம். அடுத்தவர் வேலை என்னவென்றும் சரியாகத் தெரியாது.

பல துறை மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒன்றாக இருந்து கற்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-லேயே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. எம்.பி.பி.எஸ். படிப்பிலும் 2019 முதல் நடத்தை, அறநெறி, பேச்சுத்திறன் ஆகியவற்றுக்கென்று ‘ஏட்காம்’ என்ற பகுதி இருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் டாக்டர் பிள்ளைகள் டாக்டர் பிள்ளைகளோடு மட்டுமே பேசிப் பழகினால் அது பாதிக் கிணறு. பலூன் ஊதி விளையாடி, குரூப் போட்டோ எடுத்து, சான்றிதழ் கொடுத்து அனுப்பும் ‘டீம் ஒர்க்’ பயிலரங்குகளிலும் எனக்கு நம்பிக்கை இல்லை.

நர்சிங் ஆசிரியையான நான் நம்புவது, ஒரு நோயாளியை நடுவில் வைத்து ஐந்து துறைப் பிள்ளைகளையும் சுற்றி நிறுத்துவதைத்தான். எங்கள் பக்கத்துக்குப் பாம்புக்கடி பொருத்தமான பாடம். களக்காட்டுப் பக்கம் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன ஒரு ஆச்சியைக் கண்ணாடிவிரியன் கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறோம். ஆச்சியாக நடிப்பது விடுதியில் சமைக்கும் அக்கா. அவரைவிட நன்றாக யாராலும் முனக முடியாது.

108 வண்டியில் வரும் டெக்னீசியனாக நடிக்கும் மாணவர் முதலில் ஆச்சியைப் பற்றிய விவரங்களை ஒப்படைக்க வேண்டும். எத்தனை மணிக்குக் கடித்தது, காலில் கயிறு கட்டியிருந்ததா, ஊர் ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி ஏற்றினார்கள்? பெரும்பாலும் வெள்ளைக் கோட்டுப் போட்ட முதல் ஆளிடம் ஒப்பித்துவிட்டுப் போய்விடுகிறார். அந்த ஆளோ வேறு கட்டிலுக்கு வந்தவர். அதனால் ஒரு விதி வைத்திருக்கிறோம்: கேட்டவர் எழுதிக்கொண்டு, எழுதியதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் ‘ஆமாம்’ என்ற பிறகுதான் ஒப்படைப்பு முடிந்ததாகக் கணக்கு.

அடுத்து இருபது நிமிட ரத்த உறைவுச் சோதனை. புதிதாக எடுத்த 2 மில்லி ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையவில்லை என்றால் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று அர்த்தம். பயிற்சி டாக்டர் மாணவருக்கு இது பாடமாகத் தெரியும். ஆனால் கையில் கிடைத்த பிளாஸ்டிக் குழாயை எடுத்தபோது தடுத்தது லேப் மாணவிதான். “பிளாஸ்டிக்ல நல்ல ரத்தமும் உறையாமப் போகும் சார். சோப்புப் போட்டுக் கழுவுன கண்ணாடிக் குழாயும் ஆகாது” என்றாள். உறையவைத்து உலர்த்திய பொடியாக வரும் விஷமுறிவு மருந்தைக் கலக்கும்போது குப்பியைக் குலுக்கினால் நுரைத்துவிடும், மெதுவாகச் சுழற்ற வேண்டும் என்று சொன்னது பார்மசி பையன். அடுத்தவர் படிப்பின்மீது மரியாதை வருவது இப்படித்தான். மேடைப் பேச்சால் வராது.

பாடத்தின் உயிர்நாடி இதற்கு அப்புறம். மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. டாக்டர் மாணவர் போனில் சீனியரிடம் பேசிக்கொண்டிருக்கிறார். ஆச்சி, “மேலெல்லாம் அரிக்கி தாயி” என்கிறார். ஒவ்வாமையின் தொடக்கம் அது. மருந்தை நிறுத்தி, தொடைத் தசையில் அட்ரினலின் போட வேண்டிய நேரம். நர்சிங் மாணவி டாக்டர் முகத்தைப் பார்க்கிறாள், டிரிப்பைப் பார்க்கிறாள், நிற்கிறாள். பிறகு கேட்டால், “சார்ட்ட எப்படி மிஸ் நிப்பாட்டுங்கன்னு சொல்ல?” என்கிறாள். வீட்டிலும் பள்ளியிலும் பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று சொல்லி வளர்த்த பிள்ளைக்கு ஒரே நாளில் வாய் வந்துவிடாது. அதனால் வாக்கியங்களையே கையில் கொடுத்துவிடுகிறோம். முதலில், “சார், எனக்குக் கவலையா இருக்கு.” கேட்கவில்லையா? “இது சரியாப் படலை சார், மேல் முழுக்கத் தடிப்பு வருது.” அதற்கும் பதில் இல்லையென்றால், “நோயாளிக்கு ஆபத்து, மருந்தை நிறுத்துதேன்.” அமெரிக்காவில் மருத்துவமனைக் குழுக்களுக்காக 2006-இல் வந்த ஒரு பயிற்சியில் உள்ள மூன்று படிகள் இவை. பேச்சு மட்டும் நம்மூர்ப் பேச்சு. மரியாதை குறையாமல் உறுதியாகச் சொல்லலாம் என்று அவர்கள் வாயாலேயே சொல்லிப் பார்க்க வேண்டும், அதுவும் சத்தமாக.

இந்தப் பயிற்சி டாக்டர் மாணவருக்கும் சேர்த்துத்தான். “எனக்குத் தெரியும், நீ போ” என்று ஒரு தடவை சொன்னால் போதும், அந்த நர்ஸ் அடுத்த தடவை வாயைத் திறக்க மாட்டாள். “சரி சிஸ்டர், நிறுத்துங்க, பாக்குதேன்” என்பதற்கு இரண்டு நொடிகூட ஆகாது. முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து பேசும்போது வயதில் சின்னவர்தான் முதலில் பேச வேண்டும். பேராசிரியர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டத்தான் செய்வார்கள்.

சித்த மருத்துவ மாணவர் ஒருவரையும் சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை. கடிவாயில் பச்சிலை அரைத்துக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் இங்கே உண்டு. நாம் கேட்டால் திட்டு விழுமோ என்று மறைத்துவிடுவார்கள். உள்ளுக்கு என்ன கொடுத்தார்கள் என்று பக்குவமாகக் கேட்டு வாங்க அந்தப் பிள்ளைகளால் முடியும்.

இதற்குப் பெரிய செலவு கிடையாது. ஒரு கட்டில், ஒரு மதியம், நடிக்க ஒரு ஆள், அவ்வளவுதான். இழுபறியெல்லாம் கால அட்டவணையில். ஒரு துறைக்குத் தேர்வு, இன்னொரு துறைக்கு போஸ்டிங் என்று ஏதாவது ஒன்று குறுக்கே வரும். மதிப்பெண் இல்லாத எதையும் நம் பிள்ளைகள் தீவிரமாக எடுத்துக்கொள்வதுமில்லை. செய்முறைத் தேர்வில் ஒரு நிலையத்துக்கு, அதாவது ஒரு வேலையைச் செய்து காட்டும் மேசைக்கு, டாக்டர் மாணவரையும் நர்சிங் மாணவியையும் ஜோடியாக அனுப்பி, இருவருக்கும் ஒரே மதிப்பெண் போடலாம் என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். தேர்வு விதியில் இடமில்லை என்கிறார்கள். உள்மதிப்பீட்டிலாவது ஐந்து மதிப்பெண் ஒதுக்குங்கள் என்று இப்போது கேட்டிருக்கிறேன்.